மஞ்சள் ஏட்டுக்குப் பாலாடைக்கட்டி என்று பெயரா?



அறிவியல் பாடத்தில் உணவுக் கூம்பகம் செய்யச் சொன்னால், பால்பொருள்களுக்குரிய இடத்தில் மாணவர் பலர் ஒட்டிவருவது, நெகிழித்தாளில் சுற்றிய மஞ்சள்நிறச் சீஸ் ஏட்டின் படத்தைத்தான். பிள்ளைகளைக் குறைசொல்ல மாட்டேன். ‘சத்து, சாப்பிடு’ என்று வீட்டில் ரொட்டிக்கிடையே வைத்துக் கொடுப்பதும் அதைத்தானே! இந்தப் பெயர் மயக்கத்தையே நான் எதிர்க்கிறேன்.

உண்மையான பாலாடைக்கட்டிக்கு வேண்டியவை பால், உறைய வைக்கும் நுண்ணுயிர், பாலைத் திரட்டும் நொதி, உப்பு. திரண்டதை வடித்து, அழுத்தி, முதிரவிட வேண்டும். இங்கிலாந்தின் செடார் சிற்றூரின் பெயரைத் தாங்கிய வகை மாதக்கணக்கில் முதிர்கிறது. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 10 லிட்டர் பால் செலவாகும்.

மஞ்சள் ஏட்டின் கதை வேறு. 1911இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் எமென்டால் கட்டியைச் சோடியம் சிட்ரேட் சேர்த்து உருக்கி, நெடுநாள் கெடாத பொருளாக்கினர். அந்த உப்பு பாற்புரதத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொள்வதால், கொழுப்பும் நீரும் பிரியாமல் வழுவழுப்பாகக் கலக்கின்றன. நல்ல கண்டுபிடிப்புதான், மறுக்கவில்லை. ஆனால், அன்று உருக்கியது அசல் கட்டியை. இன்றோ, அமெரிக்க விதிப்படி ‘சீஸ் ஃபுட்’ என்று எழுத 51 விழுக்காடு பாலாடைக்கட்டி இருந்தாலே போதும். ‘சீஸ் புராடக்ட்’ என்று எழுதிவிட்டால் அந்த வரம்பும் இல்லை! மலிவான ஏடுகள் சிலவற்றில் பாற்கொழுப்பின் இடத்தைத் தாவர எண்ணெய் பிடித்துக்கொண்டிருக்கிறது. சோடியமோ செடாரில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. இதையா வளரும் பிள்ளைக்குச் சத்துணவு என்று நம்பிக் கொடுக்கிறோம்?

‘அசல் கட்டி விற்கும் விலைக்கு எங்களால் வாங்க முடியுமா, ஆசிரியரே?’ என்று கேட்பீர்கள். வாங்கச் சொல்லவே இல்லை. அவித்த முட்டை ஒன்று போதாதா? தோட்டப்புறத்தில் மாடு வளர்த்துத் தயிர் தோய்த்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளுக்குக் கட்டித்தயிர் கசக்குமா? ஏட்டை ஆசைக்கு என்றோ ஒருநாள் தின்னட்டும். பாலுக்கு ஈடாகக் கொடுக்காதீர்கள்.

உறையிலுள்ள சேர்பொருள் பட்டியலில் எடை மிகுந்ததே முதலில் இருக்கும். அங்கே பாலாடைக்கட்டி இருக்கிறதா, தண்ணீரும் எண்ணெயும் இருக்கின்றனவா என்று பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தக் காலி உறையை வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். இதைவிட நல்ல பயிற்றுத் துணைப்பொருள் எங்களுக்குக் கிடைக்காது.