கீச்சுக் குழல் என்று சொல்லாதீங்கோ

இரத்மலானை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் புல்லாங்குழல் பழகுகிற ஆட்களிடம் ஒரு கதை ஊறிப்போய்க் கிடக்கிறது. நீளமாய், கீழ்ச் சுருதியில் ஒலித்தால் அது ‘கச்சேரிக் குழல்’. குட்டையாய், மேல் சுருதியில் ஒலித்தால் அது ‘கீச்சுக் குழல்’, ஆடிவேல் கடைகளில் பலூனோடு தொங்குகிற சாமான். இரண்டரைக் கட்டையில் மூன்று வருடம் பழகின ஒருவர் ஐந்து கட்டைக் குழல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டும். “என்ன, திரும்பப் பாலர் வகுப்போ?” என்று கேட்பினம்.

இந்தக் கதை பிழை என்பது எங்கள் கட்சி. கீழ்க் குழலில் பழகினவர் அடுத்ததாக மேல் சுருதிக் குழலை எடுப்பது பின்னடைவு இல்லை. எங்கள் ஊர்த் தேவைக்கு அதுதான் சரியான அடுத்த படி.

முதலில் வரலாறு. திருவாரூரில் பிறந்த என். ரமணி (1934–2015) நீளக் குழலைக் கர்நாடகக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் அந்த மேடையின் குழல் குட்டைக் குழல்தான். ரமணியின் குரு டி.ஆர். மகாலிங்கம், அதாவது மாலி, 1933இல் ஏழு வயதில் மேடை ஏறினார். குழலை வாய்ப்பாட்டு மாதிரியே பேச வைத்தவர் அவர். அந்த வாசிப்பைக் கேட்டுவிட்டு யாராவது ‘கீச்சு’ என்று சொல்லட்டும் பார்ப்போம்.

நாதஸ்வரத்திலும் இதே கதைதான். குட்டையான, உரத்த திமிரிதான் முந்தி வீதிவலத்தின் வாத்தியம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான, சுருதி இறங்கிய பாரியை முன்னுக்குக் கொண்டுவந்தார். அருமையான மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் அது மேடைக் கச்சேரியும் மைக்கும் பெருகின காலத்து மாற்றம் என்பதை மறக்கக் கூடாது. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்றால் சுருதி மேலே போகத்தான் வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அப்படிப் பாடித்தான் பேர் வாங்கினார்கள். 1920களில் அந்த இரண்டு குரல்களும் சேர்ந்தது இந்தக் கொழும்பு நாடக மேடையில் என்பதையும் ஞாபகப்படுத்துகிறோம். ஆக, ‘கீழ்ச் சுருதி என்றால் முதிர்ச்சி’ என்பது இயற்கை விதி இல்லை. மைக் வந்த பிறகு எங்களுக்குப் பழகிப்போன ருசி அது.

இப்போது எங்களுக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். ஆர்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டை ஒன்று என்று எண்ணினால், ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டையில் பாடுவார்கள்; பெண்கள் ஐந்து, ஐந்தரையில். வாணிவிழாவில், கலைவிழாவில் பாடுகிற குழுவில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். பக்கவாத்தியத்துக்கு வருகிற குழல்காரரிடமோ இரண்டரைக் கட்டை மட்டும். பிறகு என்ன நடக்கும்? “தங்கச்சி, சுருதியைக் கொஞ்சம் இறக்குங்கோ” என்பார்கள். தங்கச்சி இறக்குவாள். அனுபல்லவியில் ஒலிக்க வேண்டிய குரல் மந்திர ஸ்தாயியில் காற்றாய்ப் போகும். “பிள்ளைக்குக் குரல் எடுபடவில்லை” என்று பழியும் அவள் தலையில்தான் விழும். குழலை மாற்றுங்கோ என்று ஒருத்தரும் சொல்வதில்லை. ஒரு மூங்கில் துண்டுக்காக ஒரு குரலை வளைப்பது எந்த ஊர் நியாயம்?

“விரலை மாற்றிப் பிடித்து அதே குழலில் ஐந்து கட்டை வாசிக்கலாமே?” என்று கேட்பீர்கள். வாசிக்கலாம். சினிமாப் பாட்டுக்குச் சமாளிக்கலாம். ஆனால் கமகம் விரல் வழுக்கலில் இருக்கிறது. ஷட்ஜத்தை இடம் மாற்றினால் பழகின வழுக்கல்கள் எல்லாம் வேறு துளைக்குப் போகும். தோடியில் அது உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

எதிர்க்கட்சி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மேல் சுருதிக் குழல் பிழையை மன்னிக்காது. இரண்டரையிலிருந்து ஐந்தரைக்குப் போனால் குழலுக்குள் ஒலிக்கும் காற்றின் நீளம் ஏறக்குறைய முக்கால் பங்காகும். துளைகள் நெருங்கும். முந்தி கவனிக்காமல் விட்ட அதே ஒரு மில்லிமீட்டர் விரல் பிசகு இங்கே காதில் குத்தும். நீளக் குழலுக்கு ஊதின அளவு காற்றை இதற்குள் தள்ளினால் மேல் ஸ்தாயி வீரிடும். அந்த வீரிடலைக் கேட்டுத்தான் கீச்சு என்கிறார்கள். குற்றம் குழலில் இல்லை, பழைய மூச்சை அப்படியே கொண்டுவருவதில் இருக்கிறது.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு: ஆறு கட்டைக்கு ஒரேயடியாகப் பாயாதீங்கோ, நாலு அல்லது ஐந்தில் தொடங்குங்கோ. கடையில் இரண்டு நிமிடம் ஊதிக் குழல் சூடேறின பிறகு டியூனர் வைத்துப் பாருங்கோ, குளிர்ந்த குழல் சுருதி தாழ்ந்து காட்டும். மேல் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மெல்ல ஊதியே பிடிக்க முடிகிறதா என்று பாருங்கோ. முடியவில்லை என்றால், விலை எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிட்டு வாங்கோ. வீட்டில் முதல் மாதம் தம்புராவோடு நீண்ட ஸ்வரங்கள் மட்டும். பழைய குழலை வீசவும் வேண்டாம், இரண்டும் இருக்கட்டும்.

அயர்லாந்தில் சின்னத் தகர விசில்தான் பழையது, அதைக் குழந்தையும் வாசிக்கும், மேதையும் வாசிப்பார். இன்று அங்கே வாசிக்கிற நீளமான ‘லோ விசில்’ 1971இல் பேர்னார்ட் ஓவர்ட்டன் என்பவர் செய்ததிலிருந்து வந்தது. ஃபின்பர் ஃபியூரி என்ற கலைஞரின் இந்திய மூங்கில் குழல் உடைந்துபோக, அதற்குப் பதிலாகச் செய்து கொடுத்தாராம். நீளமானது பிறகு வந்து சேர்ந்தது என்பதற்காகச் சின்னதை அங்கே யாரும் பொம்மையாக்கவில்லை.

இந்த வருடக் கலைவிழாவுக்கு ஒத்திகை தொடங்கும்போது குழல்காரர்கள் முதலில் பாடுகிற பிள்ளையிடம் கேளுங்கோ: “உங்களுக்கு எத்தனை கட்டை?” அந்தக் கட்டைக்குக் குழலைத் தேடுங்கோ.