காதுக்கும் இன்டர்வெல் விடுங்கள்

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சத்தத்தை ஹெட்செட்டிலிருந்து ஸ்பீக்கருக்கும், ஸ்பீக்கரிலிருந்து ஹெட்செட்டுக்கும் மாற்றும் வழியை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு பதிவா என்று சிரிக்கலாம். ஆனால் பல வீடுகளில் ஆன்லைன் டியூஷனுக்காக மாட்டிய ஹெட்செட் அதன்பிறகு கேமுக்கும் பாட்டுக்கும் காதிலேயே இருக்கிறது. கேட்டால், "ஸ்பீக்கருக்கு மாத்தணும்னா மேஜைக்குக் கீழ போய் ஒயரைப் பிடுங்கணும் தாத்தா" என்கிறார்கள். குனிவதற்குச் சோம்பல்பட்டே காதைப் பாழாக்கிக்கொள்கிறார்கள்.

ஒயரைப் பிடுங்க வேண்டியதே இல்லை. விண்டோஸ் 10 என்றால் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்யுங்கள். சாதனத்தின் பெயரைத் தொட்டால் பட்டியல் விரியும். வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11 என்றால் அதே படத்தைக் கிளிக் செய்து, வால்யூம் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறியை அழுத்துங்கள். அவ்வளவுதான்.

யுஎஸ்பி ஹெட்செட் இந்தப் பட்டியலில் தனிப் பெயரோடு வரும். முன்பக்கத் துளையில் செருகும் ரகம் சில கம்ப்யூட்டர்களில் தனியாக வராது. செருகியதும் ஸ்பீக்கர் தானாக நின்றுவிடும். அங்கே முன்பக்கத்துப் பின்னை உருவினால் போதும், பின்பக்கம் போக வேண்டாம். ஜூமில் மாற்ற, மைக் படத்தை ஒட்டிய அம்பை அழுத்திப் பாருங்கள். இன்னொன்று: ஒவ்வொரு சாதனத்துக்கும் வால்யூம் தனித்தனி. ஸ்பீக்கரில் குறைத்தால் ஹெட்செட்டில் குறையாது. மாட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

காது விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், குழந்தைகளுக்கு அந்த அளவு 75 டெசிபல்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். உள்காதில் சத்தத்தை வாங்கும் நுண்ணிய முடிச்செல்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. காது மந்தமான பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். வாத்தியாரின் வாயையே பார்க்கும். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதும். அதைக் கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டுகிறவர்களும் உண்டு.

ஹெட்செட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஒருவர் உடம்பு முடியாமல் படுத்திருக்கும்போதும், அண்ணன் பரீட்சைக்குப் படிக்கும்போதும், டாக்டரிடமோ பேங்கிலோ பேசும்போதும் அதுதான் மரியாதை. ராத்திரியில் அக்கம்பக்கத்துக்கும் அதுதான் நல்லது.

ஆனால் பாடத்தை முடிந்தவரை ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள் என்பது என் கருத்து. என்ன சொல்லித்தருகிறார்கள், எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று வீட்டுக்குக் கேட்கும். அடுப்படியில் இருக்கும் அம்மா, "அந்தக் கணக்கு உனக்குப் புரிஞ்சுதா?" என்று ஒரு வார்த்தை கேட்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு எந்த டியூஷனும் ஈடாகாது. ஹெட்செட் மாட்டிய பிள்ளை நம் கண்முன்னே உட்கார்ந்திருந்தாலும் வீட்டில் இல்லை.

பள்ளியில் இரண்டு பீரியட் முடிந்தால் மணி அடித்து வெளியே விடுகிறோம். அதே கணக்கைக் காதுக்கும் வையுங்கள். ஒரு வகுப்பு ஹெட்செட்டில் என்றால் அடுத்தது ஸ்பீக்கரில். இன்று சாயங்காலம் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை மாற்றிக் காட்டுங்கள். பிறகு அவர்களையே செய்யச் சொல்லுங்கள். தன் கையால் செய்ததைப் பிள்ளை மறக்காது.