மின்கோபுரம் வருமுன் ஊர் கூடிப் பேசுவோம்

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்து ஊர் மக்களுக்கு,

மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல வந்த கூட்டம் அல்ல நாங்கள். எங்களில் பாதிப் பேருக்குப் போர்வெல் மோட்டார் ஓடினால்தான் வெள்ளாமை. மற்றவர்கள் விசைத்தறி, அரிசி ஆலை, எண்ணெய் ஆலை என்று கரண்டை நம்பிப் பிழைப்பவர்கள். கம்பி வந்துதான் ஆக வேண்டும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக இன்னும் நிறைய வரும். அது எந்த வழியாக வருகிறது, வந்த பிறகு நம் காடு கரை பார்க்க எப்படி இருக்கும் என்பதைத்தான் உங்களோடு பேச விரும்புகிறோம்.

இழப்பீட்டைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நில மதிப்பு விழுவதைப் பற்றியும் பேசியாகிவிட்டது. பார்வைக்கு ஏற்படும் கேடு என்று பேச்செடுத்தால் மட்டும் நம் ஆட்களே சிரிக்கிறார்கள். “சோத்துக்கே வழியக் காணோம், இதுல அழகைப் பாக்கறாங்களாம்” என்று ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அதே பெரியவர் சாயங்காலம் தன் காட்டு ஓரத்துத் திண்ணையில் உட்கார்ந்து மாடு மேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு யாரும் காசு கொடுப்பதில்லையே! ரூபாயில் கணக்குப் பார்க்க முடியாததால் அது இல்லை என்று ஆகிவிடாது.

நம் பக்கத்து நிலத்தின் அமைப்பே தனி. பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தென்னந்தோப்பு மறைத்துவிடும், மலைநாட்டில் மலை மறைத்துவிடும். இங்கே மறைக்க ஒன்றுமில்லை. மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், அதன் நிழலில் நாலைந்து காங்கயம் மாடு. அதற்கு மேல் வானம்தான். தொலைவில் சிவன்மலையோ ஊதியூர் மலையோ சென்னிமலையோ தெரியும். இந்த மேட்டாங்காட்டில் 400 கிலோவோல்ட் மின்தடத்துக்குக் கோபுரம் நட்டால் அது 50 மீட்டரைத் தொடும்; நன்றாக வளர்ந்த பனையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுமார் 400 மீட்டருக்கு ஒன்று என்று வரிசையாக நட்டால், மூன்று ஊர் தள்ளி இருப்பவரின் வாசலிலிருந்தும் தெரியும். இழப்பீடு கோபுரம் நிற்கும் நிலத்துக்காரருக்கும் கம்பிக்கு அடியில் நிலம் வைத்திருப்பவருக்கும்தான். பார்வை பறிபோவது வட்டாரம் முழுவதற்கும். அதனால்தான் நிலம் இழக்காதவர்களும் இதில் சேர வேண்டும் என்கிறோம்.

நிலத்துக்குள் நடப்பதை ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாம். சதுரமாக இருக்கும் ஒரு ஏக்கர் தோப்பின் பக்கம் சுமார் 64 மீட்டர். 400 கிலோவோல்ட் தடத்துக்கு 46 மீட்டர் அகலம் வேண்டும். அந்த அகலத்துக்குள் தென்னை போன்ற உயர மரம் கூடாது. தடம் தோப்பின் நடுவே போனால் இரண்டு ஓரத்திலும் 9 மீட்டர்தான் மிச்சம். 25 அடிக்கு ஒரு கன்று வைத்த தோப்பில் அது ஓரத்துக்கு ஒரு வரிசை, மிஞ்சினால் இரண்டு. நடுவில் இருந்த மரமெல்லாம் வெட்டுக்குப் போகும். 800 கிலோவோல்ட் நேர்மின் தடம் என்றால் அகலம் 70 மீட்டர் அளவுக்கு வந்துவிடும். அந்த ஏக்கரில் ஒரு மரமும் நிற்காது. இதே தடம் ஐம்பது மீட்டர் தள்ளித் தரிசு வழியாகப் போயிருக்கலாமே என்று பிறகு தோன்றும். தோன்றும்போது கோபுரத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்திருப்பார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு, மின்தடம் போடும் நிறுவனத்துக்கு, 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டம் தந்தித் துறைக்குக் கொடுத்த அதிகாரத்தை அப்படியே வழங்க இடம் தருகிறது. நம் சம்மதம் இல்லாமலே நம் காட்டில் கோபுரம் நடலாம் என்பதுதான் அந்த அதிகாரம். 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்து பழைய தந்திச் சட்டத்தை நீக்கினார்கள். ஆனால் மின்தடங்களுக்காக மட்டும் அதன் மூன்றாம் பாகம் தொடரும் என்று எழுதி வைத்தார்கள். தந்தியே நின்றுபோன நாட்டில் தந்திச் சட்டம் நம் தோட்டத்தில் வேலை செய்கிறது.

இழப்பீட்டில் முன்னேற்றம் இல்லாமல் இல்லை. மத்திய மின்துறையின் 2015 வழிகாட்டுதலில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் அகலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று இருந்தது. 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். உழவர்கள் வீதியில் உட்கார்ந்ததன் பலன் இது என்றே கருதுகிறோம். 2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களில் உண்ணாவிரதம் இருந்தவர்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அன்று எல்லோரும் கேட்ட கேள்வி, “கேரளாவில் மண்ணுக்குள் போகும் கம்பி இங்கே மட்டும் ஏன் தலைக்கு மேல் போக வேண்டும்?” என்பது. நியாயமான கேள்விதான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி அங்கிருந்து திருச்சூர் போகிறது. 2021 பிப்ரவரியில் தொடங்கிவைத்த அந்தப் புகளூர்–திருச்சூர் தடம் தமிழ்நாடு முழுக்கக் கோபுரத்தின் மேல்தான் வருகிறது. பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி தாண்டியதும் கடைசியாக உள்ள சுமார் 30 கிலோமீட்டரும் சாலையோரம் கேபிளாக மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே வீடும் தோட்டமும் நெருக்கம், நிலம் கிடைக்காது என்பது சொல்லப்பட்ட காரணம். முடியும் என்று காட்டிவிட்டார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஆனால் எல்லாத் தடத்தையும் புதைத்துவிடலாம் என்று உங்களிடம் சொன்னால் அது பொய். திருச்சூர்த் தடம் 320 கிலோவோல்ட் நேர்மின்சாரம், 2,000 மெகாவாட். ராய்கர்–புகளூர்த் தடம் 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட். அதை அப்படியே கேபிளாக்குவது இன்னொரு வகை வேலை. மாறுமின் தடம் என்றால் வேறு சிக்கல். கேபிள் நீள நீள, அதுவே மின்சாரத்தைத் தேக்கிக் கொண்டு தன் கொள்ளளவைத் தின்னும். இடையிடையே ஈடுசெய்யும் கருவிகள் வைக்க வேண்டும். செலவும் பல மடங்கு. போதாததற்கு நம் வட்டாரத்தில் இரண்டடி தோண்டினால் பாறை. புதைத்த கேபிளின் மேலும் ஆழமாக வேர் விடும் மரம் வைக்க முடியாது. ஆகவே “எல்லாம் மண்ணுக்குள்” என்று கோஷம் போட்டுவிட்டு எதுவும் கிடைக்காமல் திரும்புவதைவிட, எங்கே புதைக்க வேண்டும், எங்கே மேலே போனாலும் உறுத்தாமல் போகலாம் என்று பிரித்துக் கேட்பதே புத்தி. ஊர் நத்தத்தை ஒட்டியும் கோயில், குளம் உள்ள இடங்களிலும் சாலையோரமாகவும் கேபிள் கேட்போம். மற்ற இடங்களில் தடத்தைக் கொண்டுபோகும் விதத்தில் கண்டிப்பாக இருப்போம்.

கொண்டுபோகும் விதம் என்று ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் அந்நாட்டு மின் உற்பத்தி வாரியத்தில் இருந்த நகரமைப்பாளர் வில்லியம் ஹால்போர்டு 1959-இல் இதற்குச் சில விதிகள் எழுதினார். இன்றும் அங்கே தடம் வகுப்பவர்கள் அவற்றை எடுத்துப் பார்க்கிறார்கள். கோபுரத்துக்குப் பின்னால் வானம் தெரிவதைவிட மலையோ மரக்கூட்டமோ இருக்கட்டும் என்பது அவற்றில் ஒன்று. மலைமுகட்டைக் கடந்தே தீர வேண்டுமென்றால் பள்ளமான இடம் பார்த்துச் சாய்வாகக் கட. வளைவுகளைக் குறை, ஏனென்றால் வளைவில் நிற்கும் கோபுரம்தான் ஆகப் பருத்தது. பெரிய தடத்தையும் சிறிய தடங்களையும் ஒரே இடத்தில் சிக்கலாக்காதே.

இவற்றை நம் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். ஊதியூர் மலைப் பக்கம் ஒரு தடம் வருகிறது என்று வையுங்கள். முகட்டின் மேல் கோபுரம் நின்றால் தாராபுரம் சாலையில் போகிற ஒவ்வொருவரும் மலையைப் பார்க்கும்போது முதலில் கோபுரத்தைத்தான் பார்ப்பார்கள். அதே தடம் அடிவாரத்தை ஒட்டி, மலை பின்னணியில் இருக்கும்படி போனால், ஒரு மைலுக்கு அப்பால் சாம்பல் நிறக் கோபுரம் பாறையோடு பாறையாகக் கலந்துவிடும். கூடுதலாகச் செலவாவது இரண்டு மூன்று கோபுரம்தான். அடிவாரத்தில் யார் காடு இருக்கிறது என்ற கேள்வி உடனே எழும், எங்களுக்கும் தெரியும். அதைப் பேசித் தீர்க்கத்தான் ஊர் கூட வேண்டும்.

இன்னும் சில வழிகள். புதிய தடத்துக்குப் பதில் பழைய 110 கிலோவோல்ட் கம்பியை எடுத்துவிட்டு, அதிக வெப்பம் தாங்கி அதிக மின்சாரம் கடத்தும் கம்பியை அதே பாதையில் போடலாம். இரண்டு தடத்தை ஒரே கோபுரத்தில் ஏற்றலாம். நான்கு கால் கோபுரத்துக்குப் பதில் ஒற்றைத் தூண் வைக்கலாம். விலை கூடுதல், ஆனால் நிலத்தில் அடைக்கும் இடம் மிகக் குறைவு. புதிதாகத் துத்தநாகம் பூசிய இரும்பு வெயிலில் கண்ணைப் பறிக்கும். முதலிலேயே மங்கலாக்கிய இரும்பும், பளபளப்பு நீக்கிய கம்பியும் கேட்கலாம். பிரிட்டனின் சோமர்செட் பகுதியில் 50 மீட்டர் கோபுரத்துக்குப் பதிலாக 35 மீட்டர் உயரத்தில் ‘டி’ வடிவத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். டார்செட்டில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தடத்தைப் புதைத்து, நின்றுகொண்டிருந்த 22 கோபுரங்களைப் பிடுங்கியே எடுத்துவிட்டார்கள். அது பணக்கார நாடு என்று தள்ளிவிட வேண்டாம். தடத்தை மலைக்குப் பின்னால் திருப்புவதற்குப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை, முன்கூட்டியே யோசித்தால் போதும்.

பெரிய தடத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நம் தெருவை விட்டுவிட முடியாது. ஒரு ஈ.பி. கம்பத்தை அண்ணாந்து பாருங்கள்: மின்கம்பி நாலு, கேபிள் டிவி ஒயர் ஆறேழு, இணையத்துக்கு வந்த ஒயர் சுருட்டி மாட்டியது மாட்டியபடி, யாரோ கட்டிவிட்டுப் போன கட்சித் தட்டி. மின்கம்பியைத் தவிர மற்றதெல்லாம் நாமே அனுமதித்தது. இணைப்பைத் துண்டித்த வீட்டின் ஒயர் பத்து வருஷம் ஆனாலும் தொங்கிக்கொண்டேதான் இருக்கிறது. தெருவுக்குள் நான்கு வெறும் கம்பிகளுக்குப் பதில் உறை போட்டு முறுக்கிய ஒரே கேபிள் போதும். கொக்கி போட்டு மின்சாரம் திருடுவதும் நின்றுவிடும், மரக்கிளையைக் கண்டபடி வெட்ட வேண்டியதும் இல்லை. தஞ்சாவூர் மாவட்டம் களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். தேரோடும் வீதியில் கம்பியைப் புதைக்கச் சொல்ல இதற்கு மேல் காரணம் வேண்டுமா? சில கோயில் நகரங்களில் அந்த வேலை நடந்திருக்கிறது. நம் ஊர்த் தேர் வீதிகளுக்கும் கேட்போம்.

இனி, உங்களிடம் எங்கள் வேண்டுகோள்.

மாநிலங்களுக்கு இடையிலான தடம் என்றால் அதைப் போடும் நிறுவனம், தடம் போகும் ஊர்ப் பெயர்களோடு நாளிதழில் அறிவிப்புக் கொடுக்கும். கருத்துச் சொல்லப் பொதுவாக இரண்டு மாதம் அவகாசம் இருக்கும். பொடி எழுத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே வரும், யாரும் படிப்பதில்லை. ஊருக்கு ஒரு இளைஞர் இதற்கென்று பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். நம் வட்டத்தின் ஊர்ப் பெயர் ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்கே படம் எடுத்துப் பக்கத்து ஊர்களுக்கு அனுப்புங்கள்.

அறிவிப்பு வந்தபின் வரைபடத்தோடு உட்காருங்கள். எந்த மேடு, எந்தக் குளக்கரை, எந்த இட்டேரிப் பாதை, எந்தக் கொறங்காடு தொடப்படக் கூடாது என்று ஊராகக் குறியுங்கள். மாற்றுப் பாதை ஒன்றையாவது கோடு போட்டுக் காட்டுங்கள். “வேண்டாம்” என்ற மனுவை ஓரமாக வைப்பது அதிகாரிக்கு எளிது. “இங்கே வேண்டாம், இந்தச் சர்வே எண் வழியாகப் போ” என்ற மனுவுக்கு அவர் பதில் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கும்.

சர்வேக்காரர்கள் வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் கல் நடும் இடத்தைப் படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். தன் காட்டைத் தப்பிக்க வைக்கப் பக்கத்துக்காரர் காட்டுக்குத் தள்ளிவிடும் வேலையைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். ஊர் உடைவது அங்கேதான்.

கிராம சபைத் தீர்மானம் ஒரு தடத்தை நிறுத்திவிடாது என்பது தெரிந்ததே. ஆனால் ஆட்சியர் அலுவலகத்திலும் பிறகு நீதிமன்றத்திலும் காட்ட ஊரின் கையில் இருக்கும் தாள் அதுதான். சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் கொண்டுவாருங்கள். நம் ஊராட்சிக்குள் எந்த உயர் அழுத்தத் தடமும் ஊரோடு பேசிப் பாதையை முடிவு செய்த பிறகே வர வேண்டும் என்பது ஒன்று. கம்பங்களில் தொங்கும் செத்த ஒயர்களை ஒரு மாதத்துக்குள் அகற்ற வேண்டும் என்பது மற்றொன்று. தீர்மானத்தின் நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

இப்படிக்கு,
காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டார உழவர்களும் ஊர்ப் பொதுமக்களும்