ஒரு வாளி வெந்நீரின் கரிக்கணக்கு

கொடைக்கானலில் மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் கீசரில் அதை 42 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் வேண்டும். பாரிசிலும் ஆஸ்லோவிலும் இதே அரை யூனிட்தான். ஆனால் அந்த அரை யூனிட்டுக்காகக் காற்றில் கலக்கும் கரியமில வாயு நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் சுமார் 360 கிராம். அமெரிக்காவில் 190 கிராம் அளவில். பிரான்சில் 30 கிராமைத் தாண்டாது. நார்வேயில் அதிலும் ஏறத்தாழப் பாதி.

காரணம் எரிபொருள். நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. பிரான்சில் மூன்றில் இரண்டு பங்கு அணுமின்சாரம்; நார்வேயில் பத்தில் ஒன்பது பங்கு நீர்மின்சாரம். நம் அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் எடுக்கச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. வெளிவருவதோ கிட்டத்தட்ட ஒரு கிலோ வாயு. எரித்ததைவிட எடை கூடுவது எப்படி? கரியின் 12 பங்கு, காற்றிலுள்ள ஆக்சிஜனில் 32 பங்கைச் சேர்த்துக்கொண்டு 44 பங்கு கரியமில வாயுவாகிறது. நம் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சாம்பலாகவே மிஞ்சியும் கணக்கு இவ்வளவு வருகிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம் என்பதால் யூனிட்டுக்கு இன்னும் கூடுதல்.

பழனி மலையைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழுவது நியாயம். வடக்கே இறங்கினால் உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள். தெற்கே கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், லோயர் கேம்ப்பில் பெரியாறு நீர்மின் நிலையம். அப்படியிருக்க நம் வீட்டுக்கு வருவது சுத்தமான மின்சாரம்தானே? இல்லை. கம்பியில் ஏறிய மின்சாரத்துக்கு ஊர்ப்பெயர் கிடையாது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. அன்றிலிருந்து பூம்பாறையில் எரியும் விளக்கும் பாட்னாவில் எரியும் விளக்கும் ஒரே குளத்துத் தண்ணீர். அதனால்தான் இந்தியச் சராசரியை வைத்துக் கணக்கிட்டேன். வழியில் இழக்கும் மின்சாரத்தையும் சேர்த்தால் வீட்டுக் கீசரின் பங்கு இன்னும் ஏறும்.

ஒரே நாட்டுக்கே வேறு வேறு எண்கள் கண்ணில் படுவது பலரைக் குழப்புகிறது; கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. மத்திய மின்சார ஆணையம் 2023–24க்குத் தரும் எண், யூனிட்டுக்குச் சுமார் 0.73 கிலோ. இது மின்நிலையத்தில் எரிபொருள் எரிவதால் வரும் வாயு மட்டும். வேறு சிலர் அணைக்கு ஊற்றிய சிமெண்ட், காற்றாலைக்கு உருக்கிய எஃகு, சுரங்கத்தில் கசியும் மீத்தேன் என எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறார்கள். பிரான்சின் மின்தொகுப்பு நிறுவனம் தன் நாட்டுக்கு 2024-ல் சுமார் 20 கிராம் என்றது. முழு ஆயுட்கணக்குப் போடுகிறவர்கள் அதே நாட்டுக்கு 40 முதல் 50 கிராம் என்கிறார்கள். இரண்டும் பொய்யல்ல. நிலக்கரி நாட்டுக்கு இரு கணக்குக்கும் அதிக வேறுபாடு வராது. அணுவும் காற்றும் ஓடும் நாட்டில், எரிவது மிகக் குறைவு என்பதால், அந்தச் சில்லறையே தொகையில் பெரும் பங்காகிவிடுகிறது. இந்தியாவை ஒரு கணக்கிலும் பிரான்சை இன்னொரு கணக்கிலும் எடுத்து அருகருகே வைத்தால் அது ஒப்பீடே ஆகாது.

ஆண்டையும் பார்க்க வேண்டும். இலங்கையில் மழை நன்றாகப் பெய்தால் லக்சபானவும் விக்டோரியாவும் நிறைந்து எண் இறங்கும். மழை பொய்த்தால் நுரைச்சோலை நிலக்கரியும் டீசலும் அதை ஏற்றிவிடும். ஒரே ஓர் ஆண்டை வைத்து அந்த நாட்டை மெச்சவும் கூடாது, ஏசவும் கூடாது.

‘ஆளுக்கு எவ்வளவு என்று பாருங்கள்’ என்பது நம் பக்கத்து வாதம். இந்தியர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட்; அதற்கான வாயு ஏறக்குறைய ஒரு டன். அமெரிக்கருக்கு 12,000 யூனிட்டுக்குமேல். வாயு நான்கு டன்னைத் தாண்டும். இந்த ஒப்பீட்டில் நம் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர் நம்மைப்போல் நான்கைந்து மடங்கு மின்சாரம் செலவழித்தும் அவர் பங்கு அரை டன்னைக்கூட எட்டவில்லை. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974-ல் எடுத்த முடிவால் பதினைந்தே ஆண்டுகளில் அந்த நாடு மாறியது. குறைவாகச் செலவழிப்பதால் குறைவாக வெளியிடுவது ஒன்று. மின்சாரமே சுத்தமாக இருப்பது வேறொன்று. முதலாவதை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால், நம் பிள்ளைகள் வசதியாக வாழத் தொடங்கும் நாளில் அந்த வாதம் கைகொடுக்காது.

சராசரி மறைக்கும் இன்னொன்று நேரம். கொடைக்கானல் விடுதிகளில் கீசர்கள் ஓடுவது விடியற்காலையிலும் இரவிலும். அப்போது வெயில் இல்லை. சூரிய மின்சாரமும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாசி வரை இரவிலும் காற்றாலை தாங்கும். மார்கழியில் கூடுதல் சுமையைப் பெரும்பாலும் நிலக்கரிதான் சுமக்கிறது. ஆக, 360 கிராம் என்று மேலே சொன்னது உண்மையில் குறைத்துச் சொன்னது.

இதற்கு வழி பக்கத்து மலையிலேயே இருக்கிறது. ஆனைமலையில் 1980-களின் இறுதியிலிருந்து இயங்கும் காடம்பாறை நீரேற்று நிலையம், 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்துத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றும் செலவு, எடுப்பதைவிட அதிகம். நண்பகல் வெயிலில் ஏற்றினால் அந்த நட்டம் தாங்கக்கூடியது. நள்ளிரவு நிலக்கரியில் ஏற்றினால் கரிக்கணக்கு கூடவே செய்யும்.

பிரிட்டனில் அரைமணிக்கு ஒருமுறை, வட்டாரம் வாரியாக, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம் என்று வெளியிடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் நம் கரண்ட் பில்லில் யூனிட் இருக்கிறது, ரூபாய் இருக்கிறது, கிராம் இல்லை. எந்த நேரத்துக்கு எத்தனை கிராம் என்று அதில் தமிழில் ஒரு வரி அச்சிடட்டும். வெந்நீர்த் தொட்டியைப் பகல் பன்னிரண்டு மணிக்கே சூடாக்கி வைக்கலாமா என்று விடுதிக்காரர் முடிவெடுக்க அது போதும்.