ஒரு நாள் காத்திருந்த சாமி



கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனா உங்க வீட்டில் வயசான அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது இருந்தா தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

ஆங் மோ கியோ வட்டாரத்திலிருந்து கோயில் தொண்டுக்குப் போகிற நாங்க அடிக்கடி பார்க்கிற ஒரு விஷயம் இது. பல வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம வந்தவங்க திடீர்னு நின்னுபோயிடறாங்க. விசாரிச்சா பக்கவாதம் வந்திருக்கும். இல்லன்னா சர்க்கரை நோயால ஒரு காலை எடுத்திருப்பாங்க. இல்லன்னா குளியலறையில விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கும். "இப்ப உடம்பு தேறிடுச்சா?"ன்னு கேட்டா, "தேறிடுச்சு"ம்பாங்க. "அப்புறம் ஏன் கோயிலுக்கு வரல?"ன்னு கேட்டா உடனே பதில் வராது. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா வரும்: "இந்த நாற்காலியில எப்படிப்பா வர்றது? நாலு பேர் பார்ப்பாங்களே. நடக்க ஆரம்பிச்சதும் வர்றேன்."

சிலர் மறுபடி நடப்பாங்க. சிலரால முடியாது. முடியாதவங்க அந்த நாளுக்காகவே காத்திருந்து, வருஷக்கணக்கா வீட்டுக்குள்ளேயே இருந்துடறாங்க. கால் போனதைவிட இது பெரிய இழப்புன்னு எங்களுக்குத் தோணுது.

எங்க கருத்தை முதல்லயே சொல்லிடறோம். நடந்து வந்தாதான் தரிசனம்னு எந்தச் சாமியும் சொல்லல. சக்கர நாற்காலியோடயே வாங்க. வர்றதுக்கு வழி விடறது தொண்டூழியர்களான எங்க பொறுப்பு, மத்த பக்தர்களுடைய பொறுப்பும்கூட.

இது நாங்க புதுசா கண்டுபிடிச்ச கருத்து இல்ல. நம்ம சமயத்துலயே இருக்கு. மயிலாடுதுறையில ஐப்பசி மாசம் முழுக்க காவிரியில துலா ஸ்நானம் நடக்கும். மாசத்தோட கடைசி நாள் கடைமுழுக்கு. அதோட முடிஞ்சிருக்கணும். ஆனா மறுநாள், கார்த்திகை 1ஆம் தேதி, இன்னொரு முழுக்கு உண்டு. அதுக்குப் பேர் முடவன் முழுக்கு. நடக்க முடியாத ஒரு பக்தர் துலா ஸ்நானத்துக்காக எங்கிருந்தோ கிளம்பி, மெல்ல மெல்ல வந்து சேர்ந்தப்போ ஐப்பசி முடிஞ்சுபோச்சு. அவர் சிவபெருமான்கிட்ட முறையிட்டார். இன்னிக்கு முழுகினாலும் அதே பலன் உண்டுன்னு சாமி அருள் செய்தார். தலபுராணம் சொல்ற கதை இதுதான். இன்னிக்கும் அந்த நாள்ல மக்கள் கூட்டமா போய் முழுகறாங்க.

இந்தக் கதையில நாம கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சாமி நினைச்சிருந்தா அவர் காலைச் சரி பண்ணியிருக்கலாம். அப்படிச் செய்ததா கதை சொல்லல. நாளைத்தான் நீட்டிக் கொடுத்தார். "நீ ஏன் சீக்கிரம் கிளம்பல?"ன்னும் கேட்கல. அவர் எப்படி இருந்தாரோ அப்படியே ஏத்துக்கிட்டார். மாறினது திருவிழா.

அதே ஊர், அதே மொழியிலதான் "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட மாதிரி"ன்னு ஒரு பழமொழியும் இருக்கு. முடியாதவன் ஆசைப்படக் கூடாதுன்னு அர்த்தம். ஒரு பக்கம் பழமொழி, இன்னொரு பக்கம் முடவன் முழுக்கு. பக்தர்கள் எதைப் பிடிச்சுக்கணும்னு நாங்க சொல்லத் தேவையில்ல.

நம்ம சிங்கப்பூரையே எடுத்துக்கோங்க. 1987 நவம்பர்ல முதல் எம்ஆர்டி ஓடினப்போ அந்தப் பாதையிலயே ஆங் மோ கியோ நிலையம் இருந்தது. ஊரே கொண்டாடுச்சு. ஆனா சக்கர நாற்காலியில இருக்கறவங்க மேல நடைமேடைக்குப் போக மின்தூக்கி வசதி அப்போ இல்ல. ஆங் மோ கியோ பழைய வீவக புளோக்குகள்லயும் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிக்காது. சில மாடிகள்ல மட்டும் நிக்கும், மிச்சத்துக்குப் படி ஏறணும். நடக்க முடியாதவங்களுக்கு நாலு படிக்கட்டே நாலு மலை மாதிரி.

அப்புறம் என்ன நடந்தது? 2001லிருந்து மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்து, வீட்டு வாசல் மாடியிலயே மின்தூக்கி நிக்க ஆரம்பிச்சுது. 2003ல வடகிழக்குப் பாதை திறந்தப்போ லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் நிலையங்கள் ஆரம்பத்திலிருந்தே மின்தூக்கியோட வந்தது. பழைய நிலையங்களுக்கும் பிறகு மின்தூக்கி போட்டாங்க. 2006ல சக்கர நாற்காலி ஏறக்கூடிய பேருந்துகள் ஓட ஆரம்பிச்சு, 2020 முடிவுக்குள்ள எல்லாப் பொதுப் பேருந்தும் அப்படி ஆயிடுச்சு. உடற்குறையுள்ளவங்களே வாய் திறந்து கேட்டதும் இதுக்கு ஒரு காரணம். உலக அளவில அவங்களுக்காக அவங்களே நடத்துற அமைப்பான டிபிஐ தன் முதல் உலக மாநாட்டை 1981ல நடத்தினது நம்ம சிங்கப்பூர்லதான். அதோட முதல் தலைவர், கண் பார்வை இழந்த நம்ம ஊர்க்காரர் ரான் சந்திரன் டட்லி.

யார் காலும் மாறல. ஊர் மாறுச்சு. இன்னிக்கு ஆங் மோ கியோவுல ரயில் ஏறி, நியூட்டன்ல மாறினா அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. வீட்டு வாசல்லிருந்து சிராங்கூன் சாலை வரைக்கும் சக்கரத்துலயே போகலாம். அவ்வளவு தூரம் வந்தவங்க கோயில் வாசல்ல, நம்ம பார்வைக்குப் பயந்து திரும்பிப் போகலாமா?

இப்ப, புதுசா நாற்காலிக்கு வந்திருக்கறவங்ககிட்ட ரெண்டு வார்த்தை.

ஐயா, அம்மா, உங்க மனசு உடனே ஏத்துக்காதுன்னு எங்களுக்குத் தெரியும். நேத்து வரைக்கும் பிரசாதம் எடுத்துக் கொடுத்த கை இன்னிக்கு அடுத்தவங்க உதவிக்குக் காத்திருக்கு. அழுகை வரும், கோபம் வரும், சாமி மேலயும் கோபம் வரும். வரட்டும். கோபத்தோடயே சன்னிதிக்கு வாங்க, சாமி தாங்குவார். ஆனா நாற்காலியில உட்கார்ந்தா தோத்துப்போயிட்டோம்னு மட்டும் நினைக்காதீங்க. கண்ணாடி போட்டவங்களைப் பார்வையில தோத்தவங்கன்னு சொல்றோமா? பழனியில விஞ்சுல ஏறிப் போறவங்களுக்கு முருகன் பாதி அருள்தான் கொடுக்கறாரா? உற்சவ மூர்த்தியே வீதிக்கு வரும்போது வாகனத்துலதான் வர்றார், இல்லன்னா பக்தர்கள் தோள்ல வர்றார்.

தென்காசி பக்கம் ஆய்க்குடி, முருகன் கோயில் உள்ள ஊர். அந்த ஊர் எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவரா இருந்தப்போ, 1975ல கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூரு போனார். அங்கே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே உடம்பு செயல் இழந்துபோச்சு. அவர் 1981ல சொந்த ஊர்லயே அமர் சேவா சங்கத்தை ஆரம்பிச்சார். தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பேரையே அதுக்கு வெச்சார். பிறகு தசைச் சிதைவு நோயால சக்கர நாற்காலியில இருக்கற ஆடிட்டர் எஸ். சங்கரராமனும் சேர்ந்தார். ரெண்டு பேரும் சேர்ந்து எத்தனையோ உடற்குறையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பும் பயிற்சியும் கிடைக்கச் செய்தாங்க. 2020ல ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைச்சுது. எல்லாரும் சங்கம் ஆரம்பிக்கணும்னு நாங்க சொல்ல வரல. நடக்க ஆரம்பிச்சதும்தான் வாழ்க்கைன்னு அவர் காத்திருக்கல. அதைச் சொல்லத்தான் வந்தோம்.

அடுத்தது, நடந்து வர்ற பக்தர்களுக்கு. கோவிச்சுக்காதீங்க, உரிமையோட சொல்றோம்.

"போன ஜென்மத்துப் பாவம்"னு அவங்க காதுபடப் பேசாதீங்க. கர்மக் கணக்கு சாமி கையில இருக்கு, நம்ம கையில இல்ல. "சாமி உங்களைச் சீக்கிரம் நடக்க வைப்பார்"னு பார்த்த உடனே சொல்றதும் வேண்டாம். நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா அவங்க அன்னிக்குப் பேரப்பிள்ளையோட பிஎஸ்எல்இ பரீட்சைக்கு வேண்டிக்க வந்திருக்கலாம். கால் தவிர அவங்களுக்கு வேற வாழ்க்கையே இல்லைங்கிற மாதிரி ஆயிடும். "வாங்கம்மா, பார்த்து ரொம்ப நாளாச்சு"ன்னு சொன்னாப் போதும்.

அவங்க பக்கத்துல நிக்கற மகள்கிட்டயோ பணிப்பெண்கிட்டயோ "அர்ச்சனை யார் பேர்ல? நட்சத்திரம் என்ன?"ன்னு கேட்காதீங்க. நாற்காலியில இருக்கறவங்க முகத்தைப் பார்த்து நேரா கேளுங்க. அவங்க நட்சத்திரம் அவங்களுக்குத் தெரியும்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருது. "செருப்பையே வெளிய விடறோம், ரோட்டுல வந்த சக்கரம் உள்ள வரலாமா?" சுத்தம் முக்கியம்தான், மறுக்கல. வாசல்ல ஈரத்துணியால சக்கரத்தைத் துடைச்சா முடிஞ்சுது, ரெண்டு நிமிஷ வேலை. தைப்பூசத்துக்கு முந்தின நாள் டேங்க் ரோடு முருகன் வெள்ளி ரதத்துல கியோங் சைக் ரோடு லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போறார். அந்த ரதச் சக்கரமும் தார் ரோட்டுலதான் உருளுது. நாம அதைத் தொட்டுக் கும்பிடறோம்.

தொண்டு செய்யறவங்களும் வீட்டுக்காரங்களும் கவனிக்க வேண்டியது சில:

1. கேட்காம நாற்காலியைத் தள்ளாதீங்க. அது அவங்க உடம்போட ஒரு பாகம் மாதிரி. "தள்ளட்டுமா அங்கிள்?"னு ஒரு வார்த்தை கேளுங்க.

2. நிறுத்தின உடனே பிரேக் போடுங்க. சரிவுல இறங்கும்போது நாற்காலியைப் பின்பக்கமா இறக்குங்க, முன்பக்கமா இறக்கினா ஆள் முன்னால சரிஞ்சு விழலாம்.

3. படியில தூக்க வேண்டி வந்தா கைப்பிடிச் சட்டத்தைப் பிடிச்சுத் தூக்காதீங்க. பல நாற்காலிகள்ல அது கழன்று வரும். சாய்தளம் இருந்தா, கொஞ்சம் சுத்திப் போனாலும் அதுலயே போங்க.

4. சேலை முந்தானையும் வேட்டி நுனியும் சக்கரத்துல சிக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்துச் செருகிவிடுங்க.

5. விளக்கேத்தற மேடை நமக்கு இடுப்பு உயரம், அவங்களுக்கு முகத்து உயரம். நெய் விளக்குப் பக்கம் ரொம்ப நெருக்கி நிறுத்தாதீங்க. தரையில எண்ணெய் சிந்தியிருந்தா உடனே துடைங்க.

6. ரொம்ப நேரம் ஒரே மாதிரி உட்கார்ந்தா புண் வரும். நீளமான அபிஷேகம்னா நடுவுல உடம்பை அசைச்சு உட்காரவிடுங்க.

7. தீபாராதனை நேரத்துல எல்லாரும் எழுந்து முன்னால போவோம். அப்போ நாற்காலியில இருக்கறவங்களுக்குத் தெரியறது நம்ம முதுகு மட்டும்தான். ஒரு ஓரமா அவங்களுக்கு வழி விட்டு நில்லுங்க. இது ஒண்ணு செய்தாலே பெரிய புண்ணியம்.

நாற்காலி வாங்கப் பணம் இல்லையேன்னு யாரும் வீட்டுக்குள்ள முடங்க வேண்டாம். தகுதியுள்ள முதியவங்களுக்கு அரசாங்க மானியம் இருக்கு. ஆங் மோ கியோ அவென்யூ 9ல இருக்கற ஆங் மோ கியோ தை ஹுவா குவான் மருத்துவமனை மாதிரி சமூக மருத்துவமனைகள்ல இருக்கும் சிகிச்சையாளர்கள்கிட்ட கேளுங்க. எந்த அளவு நாற்காலி உடம்புக்குப் பொருந்தும், கட்டில்லிருந்து அதுக்கு எப்படி மாறணும்னும் அவங்க சொல்லிக் கொடுப்பாங்க. வீவக வீட்டுக்குள்ள கைப்பிடி, வழுக்காத தரை, சின்னச் சாய்தளம் இதுக்கெல்லாம் ஈஸ் திட்டம் 2012லிருந்து இருக்கு.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க புளோக்குல, உங்க மாடியில, முன்னால கோயிலுக்கு வந்துட்டு இப்ப வராம இருக்கறவங்க யாராவது இருந்தா இந்த வாரம் போய்க் கதவைத் தட்டுங்க. அறிவுரை வேண்டாம். "வெள்ளிக்கிழமை நாங்க போறோம், நீங்களும் வர்றீங்களா?"ன்னு மட்டும் கேளுங்க. முதல் தடவை வேண்டாம்பாங்க. ரெண்டாவது தடவையும் வேண்டாம்பாங்க. மூணாவது தடவையும் கேளுங்க.

காலம் தாழ்ந்து வந்த பக்தருக்காக சாமியே ஒரு நாள் காத்திருந்தார். நாம ஒரு மின்தூக்கி கீழ வர்ற நேரம் காத்திருக்க முடியாதா?

உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கும் பகிருங்க. எல்லாருக்கும் முருகன் அருள் கிடைக்கட்டும்.

வேலும் மயிலும் துணை.