வினை கடைசியில் வரும் கணினிமொழி

இரண்டு, மூன்று, கூட்டு. ஃபோர்த் என்னும் கணினிமொழியில் கூட்டலை இந்த வரிசையில்தான் எழுதவேண்டும். எண்கள் முன்னே வந்து அடுக்கில் அமர, வினை கடைசியில் வருகிறது. தமிழ் வாக்கியமும் பெரும்பாலும் அப்படித்தானே முடிகிறது? பிறரை மிரட்டும் இவ்வரிசை நமக்கு அந்நியமன்று.

இம்மொழியை உருவாக்கிய சார்லஸ் மூர் பின்னாளில் வடிவமைத்த ஜிஏ144 என்ற சில்லைப் பற்றியே பேச நினைக்கிறோம். ஒரே சில்லுக்குள் 144 கணினிகள். 8 வரிசை, 18 பத்தி. ஒவ்வொன்றுக்கும் எழுதிப் படிக்க 64 சொல் நினைவகம். ஒரு சொல்லுக்கு 18 பிட். எல்லாவற்றையும் ஆட்டுவிக்கும் பொதுக் கடிகாரம் கிடையாது. அண்டைக் கணினியிடம் தரவு கேட்டது, பதில் வரும்வரை உறங்கும். உறக்கத்தில் மின்செலவு மிகச் சொற்பம்.

திருப்பூர்ப் பனியன் தொழிலை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் வேறிடம், எல்லாம் ஜாப்வொர்க். சாயப்பட்டறையிலிருந்து துணி வராதவரை தையல் மெஷின் ஓடாது. (கூலி பாக்கி எப்போது வரும் என்பது வேறு கதை.) இரண்டு பட்டறைகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிட்டால் ஆர்டரே நின்றுபோகும். சில்லிலும் அதுவே ஆபத்து: அடுத்தடுத்த இரு கணினிகள் ஒன்றிடமிருந்து மற்றொன்று படிக்கக் காத்தால் இரண்டும் எழுவதில்லை. தொலைவிலிருக்கும் கணினிக்குச் செய்தி போகவேண்டுமென்றால் இடையிலுள்ளவை தபால்காரர் வேலை பார்க்கவேண்டும். எந்த வேலையை எங்கே வைப்பது என்பதே நிரலில் பாதி.

இந்தியாவுக்கு இவ்வனுபவம் புதிதல்ல. சி-டாக் 1991இல் உருவாக்கிய பரம் 8000, நான்கு இணைப்புகள் கொண்ட டிரான்ஸ்பியூட்டர்களால் ஆனது. அவையும் அடுக்கில் வைத்தே கணக்கிட்டன. பிந்தைய பரம்கள் வேறு செயலிகளுக்கு மாறின.

பழகிய மொழிகளில் எழுத முடியாததே ஜிஏ144 பரவாததற்குக் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை என்றே கருதுகிறோம். வேலையைக் கூறுபோட நமக்கு யாரும் கற்றுத்தருவதில்லை என்பது மறுபாதி. 1951இல் பிஎஸ்ஜி, 1956இல் சிஐடி என்று பொறியியல் கல்லூரிகள் எழுந்த கோவையில், இறுதியாண்டு மாணவர் ஒருமுறையேனும் 64 சொல்லுக்குள் நிரலெழுதித் திணறவேண்டும். பம்புசெட்டைக் காக்க மலிவான மைக்ரோகன்ட்ரோலரே போதும், அறிவோம். பயிற்சிக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். மின்னழுத்தம் படிக்க ஓரத்துக் கணினி ஒன்று, கிணறு வற்றியதைக் கவனிக்க ஒன்று, மோட்டாரை நிறுத்த ஒன்று. மூன்று ஃபேஸில் ஒன்று போனால் எது எதற்கு முதலில் சொல்வது என்பதை மாணவரே தாளில் வரையட்டும்.