891 சிங்கங்களும் ஒரே வீடும்

கடந்த 2025 மே மாதம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பின் முடிவில், குஜராத்தில் 891 ஆசியச் சிங்கங்கள் இருப்பதாக அம்மாநில அரசு அறிவித்தது. 2020-இல் இந்த எண்ணிக்கை 674. ஐந்தே ஆண்டுகளில் 32 சதவீத வளர்ச்சி. 1968-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 177 சிங்கங்களே இருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், உலக வனவிலங்குப் பாதுகாப்பு வரலாற்றில் இதற்கு இணையான வெற்றிகள் மிகச் சிலவே என்று சொல்லலாம். குஜராத் வனத்துறையும், தம் கால்நடைகளை இழந்தபோதும் சிங்கங்களுக்கு விஷம் வைக்காத சௌராஷ்டிர கிராம மக்களும் இந்த வெற்றிக்கு உரியவர்கள். அவர்களைப் பாராட்டுவதில் எவருக்கும் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

ஆயினும், பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்த எனக்கு, ஒற்றை எண்ணைக் காட்டி வெற்றியை அறிவிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவது வழக்கம். அந்த எண் எதை அளக்கிறது? எதை அளக்காமல் விடுகிறது? ஒரு குடும்பத்தின் சேமிப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அந்தச் சேமிப்பு எங்கெங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது முற்றிலும் வேறான கேள்வி. 891 என்ற எண் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது.

ஒரு காலத்தில் துருக்கி, ஈரான் தொடங்கிக் கிழக்கு இந்தியா வரை பரவியிருந்த சிங்கங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் கிர் காட்டுக்குள் மட்டும் ஒடுங்கின. ஜுனாகட் நவாபுகள் வேட்டைக்குத் தடை விதித்ததால் அங்கே ஒரு சிறு கூட்டம் பிழைத்தது. கடந்த நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பிறகு ஈரானிலும் சிங்கம் இல்லை. ஆசியாவில் இயற்கையான சூழலில் சிங்கம் வாழும் இடம் இன்று சௌராஷ்டிரம் ஒன்றுதான். இன்றுள்ள அத்தனை சிங்கங்களும் அன்று எஞ்சிய அந்தச் சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்கள். ஆகவே அவற்றின் மரபியல் பன்மைத்தன்மை மிகக் குறைவு என்பதை ஆய்வாளர்கள் 1980-களிலேயே கண்டறிந்தனர். நெருங்கிய உறவுள்ள கூட்டத்தில் ஒன்றை வீழ்த்தும் நோய், மற்றவற்றையும் வீழ்த்தும் வாய்ப்பு அதிகம்.

கிர் சிங்கத்தின் உடலமைப்பும் நடத்தையும் ஆப்பிரிக்கச் சிங்கத்திலிருந்து சற்று வேறுபட்டவை. வளர்ந்த ஆண் பொதுவாக 160 முதல் 190 கிலோ வரையிலும், பெண் 110 முதல் 120 கிலோ வரையிலும் எடையுள்ளவை. பிடரி மயிர் அடர்த்தி குறைந்தது. வயிற்றின் நீளவாக்கில் ஒரு தோல் மடிப்பு உண்டு. ஆப்பிரிக்கப் புல்வெளியில் வரிக்குதிரையையும் காட்டெருமையையும் வீழ்த்தப் பெரிய கூட்டம் தேவைப்படுகிறது. கிர் காட்டில் முதன்மை இரை புள்ளிமான் என்பதால் இங்குள்ள கூட்டங்கள் சிறியவை. பெண் சிங்கங்கள் குட்டிகளுடன் தனியாகவும், ஆண் சிங்கங்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து தனியாகவும் வாழ்கின்றன. இணை சேரும்போதும் பெரிய இரை கிடைக்கும்போதும் மட்டுமே அவை பெரும்பாலும் ஒன்றுகூடுகின்றன.

இந்தக் கூடல்தான் நோய்க்கும் வழி. ஒரே இரையை முகத்தோடு முகம் உரசி உண்பதும், ஒன்றையொன்று நக்கித் தூய்மை செய்வதும் சிங்கங்களின் இயல்பு. கிராமங்களின் ஓரத்தில் வீசப்படும் இறந்த மாடுகளைச் சிங்கங்களும் உண்கின்றன, தெருநாய்களும் உண்கின்றன. 2018 செப்டம்பர், அக்டோபரில் கிர் கிழக்குப் பிரிவின் தல்கானியா சரகத்தில் ஒரு மாதத்துக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. இறந்தவற்றில் சிலவற்றின் உடலில், நாய்களிடம் பரவலாகக் காணப்படும் டிஸ்டெம்பர் வைரஸ் கண்டறியப்பட்டது. அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைக்கப்பட்டது. அப்பகுதிச் சிங்கங்கள் பிடிக்கப்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்டன. பேராபத்து அன்று தவிர்க்கப்பட்டது.

தவிர்க்கப்படாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்குத் தான்சானியாவின் செரங்கெட்டி சாட்சி. 1994-இல் அதே வைரஸ் அங்கே பரவி, ஏறக்குறைய 1,000 சிங்கங்களை, அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. செரங்கெட்டியின் சிங்கங்கள் சில ஆண்டுகளில் மீண்டெழுந்தன. ஆப்பிரிக்காவில் சிங்கத்தின் எதிர்காலம் செரங்கெட்டி ஒன்றை மட்டும் நம்பி இருக்கவில்லை. ஆசியச் சிங்கத்தின் எதிர்காலமோ சௌராஷ்டிரம் ஒன்றை மட்டுமே நம்பி இருக்கிறது. நோய் மட்டுமன்று. 2021 மே மாதம் டௌதே புயல் கரையைக் கடந்தது, கிர் காட்டுக்கு மிக அருகிலுள்ள ஊனா பகுதியில்தான். அந்த முறை சிங்கங்கள் தப்பின. ஒவ்வொரு முறையும் தப்பும் என்பதற்கு எவரும் உறுதி தர இயலாது.

இதற்குக் குஜராத் தரப்பு சொல்லும் மறுமொழி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சிங்கங்கள் தாமாகவே பரவிக்கொண்டிருக்கின்றன என்பது அதன் வாதம். அது உண்மையும்கூட. 891 சிங்கங்களில் 384 மட்டுமே கிர் தேசியப் பூங்காவிலும் சரணாலயத்திலும் உள்ளன. 507 சிங்கங்கள் அவற்றுக்கு வெளியே வாழ்கின்றன. 11 மாவட்டங்களில், ஏறக்குறைய 35,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சிங்கத்தின் நடமாட்டம் உள்ளது. போர்பந்தருக்கு அருகேயுள்ள பர்தா சரணாலயத்துக்கு 2023-இல் ஒரு சிங்கம் தானாகவே வந்து சேர்ந்தது. அங்கே இப்போது 17 சிங்கங்கள். சிங்கத்தின் இரண்டாவது வீடு பர்தாதான் என்று மத்திய அரசின் சிங்கத் திட்டமும் கூறுகிறது.

இங்கேதான் இடர் குறித்த பொருளாதாரப் பாடம் உதவுகிறது. விதைநெல்லை நான்கு குதிர்களில் பிரித்து வைக்கும் விவசாயி, நான்கையும் ஒரே கொட்டகைக்குள் வைத்தால் அது பாதுகாப்பு ஆகாது. கொட்டகை தீப்பிடித்தால் நான்கும் போகும். இடங்களின் எண்ணிக்கையால் இடர் குறைவதில்லை. ஓர் இடத்துக்கு நேரும் கேடு மற்ற இடத்தை எட்டாமல் இருந்தால்தான் இடர் குறையும். பர்தா கிர் காட்டிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சிங்கம் நடந்தே சென்றடையும் தொலைவு அது. சிங்கம் நடந்து செல்லும் தொலைவை நோயும் கடந்து செல்லும். அதே கடற்கரை, அதே புயல், அதே கால்நடைச் சந்தைகள், அதே தெருநாய்கள். மேலும் பர்தாவின் பரப்பு 192 சதுர கிலோமீட்டர் மட்டுமே. பர்தா கிர் வீட்டின் மற்றோர் அறை என்று சொல்லலாம். இரண்டாவது வீடு என்று சொல்வது கடினம்.

சிங்கங்கள் காட்டுக்கு வெளியே பரவுவதை வெற்றி என்று மட்டும் பார்ப்பதும் சரியன்று. வெளியே செல்லும் ஒவ்வொரு சிங்கமும் நெடுஞ்சாலையையும், பிபாவாவ் துறைமுகத்துக்குச் செல்லும் ரயில் பாதையையும், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றையும், மின்வேலியையும் கடக்க வேண்டியிருக்கிறது. பயிரைத் தின்னும் நீல்காயையும் காட்டுப்பன்றியையும் சிங்கம் வேட்டையாடுவதால் அதை வரவேற்கும் விவசாயிகள் உண்டு. மாட்டை இழந்து, இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச அஞ்சும் விவசாயிகளும் உண்டு. இந்தச் சகிப்புத்தன்மைதான் குஜராத்தின் உண்மையான சாதனை. அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறந்துவிடலாகாது.

இரண்டாவது வீடு என்பது புதிய யோசனையும் அன்று. 1957-இல் ஓர் ஆணும் இரண்டு பெண்களுமாக மூன்று சிங்கங்கள் உத்தரப் பிரதேசத்தின் சந்திரபிரபா சரணாலயத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவை பதினொன்றாகப் பெருகி, 1960-களின் நடுவில் தடயமின்றி மறைந்தன. சிறிய இடம், போதிய கண்காணிப்பின்மை ஆகியவை அந்தத் தோல்வி தந்த பாடங்கள். அந்தப் பாடங்களை மனத்தில் கொண்டு, 1990-களில் இந்திய வனவிலங்கு நிறுவனம் பல இடங்களை ஆராய்ந்து, மத்தியப் பிரதேசத்தின் குனோவைத் தேர்வு செய்தது. சிங்கங்களுக்கு இடம் தருவதற்காகக் குனோவின் 24 கிராமங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 1,500 குடும்பங்கள் வெளியே குடியமர்த்தப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் சஹரியா பழங்குடியினர்.

குஜராத் சிங்கங்களைத் தர மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2013 ஏப்ரல் 15 அன்று வழங்கிய தீர்ப்பில், ஆறு மாதங்களுக்குள் சிங்கங்களைக் குனோவுக்கு இடமாற்றும் நடவடிக்கையை மேற்கொள்ளுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகளைக் குனோவுக்குக் கொண்டுவரும் முயற்சியை அதே தீர்ப்பு நிராகரித்தது. பின்னர் 2020-இல், சிவிங்கிப்புலிகளைச் சோதனை முறையில் தகுந்த இடத்தில் விட நீதிமன்றம் இசைந்தது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகளும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 சிவிங்கிப்புலிகளும் குனோவில் வந்திறங்கின. சில நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கம் மட்டும் இன்றுவரை வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய முரண்பாடு ஒன்று உண்டு. குனோவில் விடப்பட்ட சிவிங்கிப்புலிகளுள் இரண்டு, 2025 ஏப்ரலில் அதே மாநிலத்தின் காந்தி சாகர் சரணாலயத்துக்கு மாற்றப்பட்டன. சிவிங்கிப்புலிகளுக்கு மற்றொரு வாழிடம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த முடிவு சரியானது. சிவிங்கிப்புலித் திட்டத்தில் மூன்று ஆண்டுகூட நிறைவடையும் முன்பே நாம் ஏற்றுக்கொண்ட கொள்கையை, முப்பது ஆண்டுகளாகப் பேசப்படும் சிங்கத்தின் விஷயத்தில் ஏன் ஏற்க மறுக்கிறோம்?

அறிவியலில் இதற்கு விடை தேடிப் பயனில்லை. ஊக்கமும் இழப்பும் யாருக்கு என்ற கணக்கில்தான் விடை இருக்கிறது. சிங்கத்தால் வரும் சுற்றுலா வருவாயும் பெருமையும் குஜராத்துக்கு உரியவை. உலகில் வேறெங்கும் இல்லை என்பதே அந்தப் பெருமையின் அடித்தளம். ஏகபோகத்தை விரும்பி விட்டுக்கொடுத்த உற்பத்தியாளரை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. இடர் நேர்ந்தால் வரும் இழப்போ நாட்டுக்கும் உலகுக்கும் உரியது. ஒருவர் நன்மையைப் பெற, மற்றவர்கள் இடரைச் சுமக்கும் இடங்களில் காப்பீடு எப்போதும் தள்ளிப்போடப்படும். வனவிலங்குப் பாதுகாப்பு 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுவரப்பட்டதன் காரணமே, விலங்குகள் மாநில எல்லைக்குள் அடங்கும் சொத்து அல்ல என்பதுதான்.

ஆகவே தீர்வும் ஊக்கத்தை மாற்றுவதில்தான் இருக்கிறது. குஜராத்தைக் குறை கூறிப் பயனில்லை. இடம்பெயரும் சிங்கங்களின் பிறப்பிடம் என்ற தகுதியும், புதிய வாழிடத்தின் சுற்றுலா வருவாயில் ஒரு பங்கும், திட்டத்தின் மேற்பார்வையில் ஓர் இருக்கையும் குஜராத்துக்கு அளிக்கப்படலாம். இருபது சிங்கங்களை அனுப்பினாலும் அது 891-இல் இரண்டு சதவீதத்துக்குச் சற்றே அதிகம். சிங்கத் திட்டத்துக்கு ஒதுக்குவதாக அறிவிக்கப்பட்டுள்ள ஏறக்குறைய 2,900 கோடி ரூபாயில் இந்தக் காப்பீட்டுக்கான தவணையைச் செலுத்துவது பெரும் சுமையாகாது.

சிவிங்கிப்புலிகள் உள்ள குனோவில் இப்போது சிங்கங்களையும் விடலாமா என்பது நியாயமான ஐயம். வலிமை மிக்க சிங்கம் சிவிங்கிப்புலியின் குட்டிகளைக் கொல்லக்கூடியது. ஆப்பிரிக்காவில் இரண்டும் ஒரே நிலத்தில் வாழ்கின்றன என்பதும் உண்மை. குனோதான் வேண்டும் என்பது என் வாதமன்று. சௌராஷ்டிரத்தின் நோயும் புயலும் எட்டாத ஓரிடம் வேண்டும் என்பதே வாதம். எந்த இடம் என்பதை இரு மாநிலங்களுக்கும் கட்டுப்படாத வல்லுநர் குழு ஒன்று காலக்கெடுவுக்குள் சொல்லட்டும். அதுவரை கிர் சுற்றுவட்டாரக் கிராமங்களின் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும், இறந்த கால்நடைகளைப் புதைப்பதும், கால்நடை இழப்பீட்டைத் தாமதமின்றி வழங்குவதும் குறைந்த செலவில் இன்றே விரிவாகச் செய்யக்கூடியவை.

காப்பீட்டின் விலை விபத்துக்குப் பிறகுதான் மலிவாகத் தெரியும். சிங்கத்தின் எண்ணிக்கை உயர்ந்து நிற்கும் இந்த நேரமே அதை எடுப்பதற்கு உகந்த நேரம். எண்ணிக்கை சரியத் தொடங்கியபின் ஒரு சிங்கத்தைக்கூட வெளியே அனுப்ப எந்த அரசுக்கும் துணிவு வராது. இந்தக் காப்பீட்டின் முதல் தவணையைச் செலுத்தியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். சிங்கங்கள் வரும் என்று சொல்லித்தான் குனோவின் சஹரியா குடும்பங்கள் தங்கள் வீடுகளையும் நிலங்களையும் விட்டு வெளியேற்றப்பட்டன. அவர்களுக்கு அரசு இன்னும் பதில் சொல்லவில்லை.